கூட்டுப் பட்டா

மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். நாலு மணிக்கு இசைவாணியின் திரையில் புரோகிராமின் கடைசி வரியும் பச்சையானது. கவரேஜ் நூறு சதவீதம். சோதனையில் ஓடிய வரி பச்சை, ஓடாத வரி சிவப்பு. பன்னிரண்டு நாளாகப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன சிவப்பு ஒருவழியாக ஒழிந்தது.

புயலில் முந்திரி மரம் சாய்ந்தால் விவசாயிக்கு இழப்பீட்டைத் தானாகவே அனுப்பிவிடும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற புரோகிராம் அது; எழுதியது பெங்களூர் கம்பெனி, சோதிப்பது இந்த ஆபீஸின் வேலை. பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் பிறகு ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது. ஏற்றுவது நாளைக் காலை. ஐந்து மணிக்குள் பெங்களூர் கம்பெனிக்கு ரிப்போர்ட் போக வேண்டும். எல்லாச் சோதனையும் தேறி நூறும் வந்தால் இசைவாணிக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். ட்ரெய்னியாகவே இரண்டு வருஷம் ஓட்டியாயிற்று.

"நூறு வந்துடுச்சில்ல? அனுப்பிடு இசை. நான் சிதம்பரம் பஸ்ஸப் புடிக்கணும்," என்றான் பக்கத்து மேசை ராஜவேல். அவன் நிரந்தரம்.

அவளும் அனுப்பத்தான் போனாள். அதற்குமுன் சோதனைக்காக ராஜவேல் தயாரித்துக் கொடுத்த நாற்பது மாதிரிப் பட்டாக்களையும் ஒருமுறை பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒருவர் பெயர்தான். எந்த ஊரில் ஐயா இப்படி இருக்கிறது? காடாம்புலியூரில் இருக்கும் அப்பா கொளஞ்சியப்பனுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, நம்ம முந்திரிக் கொல்லை பட்டாவுல யார் யாரு பேரு இருக்குது?"

"கூட்டுப் பட்டாதானம்மா. பெரியப்பா பேரு, எம்பேரு, மூணாவதா உங்க அத்தை பேரு. ஏன், எதனா பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லப்பா. அப்பறமா பேசறேன்."

மூன்று பெயர் போட்டு ஒரு சோதனை எழுதி ஓட்டினாள். முதல் பெயருக்குப் பங்கு போனது. ஓட்டம் அதோடு நின்றுவிட்டது. மற்ற இரண்டு பேருக்கும் பூஜ்யம். வரிகள் என்னவோ அப்போதும் பச்சைதான்.

டீம் லீடர் தட்சிணாமூர்த்தி வந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, அவுங்க கேட்டது கவரேஜ் நூறு. அது இருக்குது. கூட்டுப் பட்டாவப் பத்திக் கேட்டாங்களா? அந்த டெஸ்ட்டத் தூக்கிடு. உன் வேலைய நீயே கெடுத்துக்காத."

"எங்க அப்பாவுக்கும் அத்தைக்கும் காசு வராது சார். ஊருல பாதிப் பேருக்கு வராது. நாளைக்கு ஏத்திட்டா மாத்தவும் முடியாது."

"அப்ப உம்பேருல அனுப்பு. என்னைய இழுக்காத."

தோற்ற சோதனையையும் சேர்த்துத் தன் பெயரிலேயே அனுப்பினாள்.

மறுநாள் காலை பெங்களூரில் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். மதியத்துக்குள் திருத்திய கான்ட்ராக்ட் வந்தது. ஓட்டினாள். மூன்று பெயருக்கும் பங்கு போனது. "அடி சக்க!" என்று கத்தியது ராஜவேல்தான். இன்னும் பதினாலு கான்ட்ராக்டுகளை இங்கேயே சோதிக்க வேண்டும், எல்லாரும் இசைவாணி எழுதியதுபோல் எழுத வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் பசிகூட மறந்துபோனது.

தட்சிணாமூர்த்தி ஒரு கவரை நீட்டினார். வேலை போகவில்லை. இன்னும் ஒரு வருஷம், ட்ரெய்னியாகவே.

"நூறு இருந்தும் ஒண்ணு ஃபெயிலாச்சுல்ல, மேல ஒத்துக்கல. அடுத்த வருஷம் கண்டிப்பாப் பாத்துக்கலாம்மா."

மூன்று மணிக்கு நிரந்தர ஊழியர்கள் நாலு பேரும் நாற்காலிகளை இழுத்துப்போட்டு, நோட்டும் பேனாவுமாக அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கவரை டிராயருக்குள் தள்ளிவிட்டு, இசைவாணி முதல் வரியிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.