வோலூசியாவை அழைக்க வந்த பல்லக்கு

தந்தை வோலூசியஸ் பல்லக்கோடு வந்து இறங்கியபோது, வோலூசியா தன் மூன்று வயது மகள் கால்விசியாவுக்கு அத்திப்பழம் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வந்த விஷயத்தை அவர் நின்றபடியே சொல்லி முடித்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா பேரரசரின் கோபத்துக்கு ஆளாகிவிட்டார். இனி இந்த வீடு தலையெடுக்காது. மனைவியை இழந்த செனட்டர் ஒருவர் வோலூசியாவைக் கேட்கிறார். ஆகவே இந்தக் கல்யாணம் இன்றோடு சரி.

ரோமாபுரியில் இது அதிசயமே இல்லை. கட்டிக்கொடுத்த பிறகும் மகள் அப்பனின் அதிகாரத்தில்தான். எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். அவள் பெற்ற பிள்ளை மட்டும் கணவன் வீட்டுக்குச் சொந்தம். மாப்பிள்ளை கால்விசியஸ் நல்ல மனிதர். நல்ல மனிதர்களின் வழக்கப்படி ஓரமாக நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

கெஞ்சினால் அப்பா இளக மாட்டார் என்று வோலூசியாவுக்குத் தெரியும். மிச்சப் பழத்தைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்துப் பேசினாள்.

"வரேம்பா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தாத்தா வந்து அம்மாவ இப்படித்தானே உங்ககிட்டேருந்து கூட்டிட்டுப் போனாரு? அப்ப எனக்கும் இவ வயசுதான். எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

முப்பது வருஷமாக அந்தப் பேச்சை அவரிடம் யாரும் எடுத்ததில்லை. ஊர் வழக்கம், சட்டம் என்று தனக்குத்தானே சொல்லி அதை விழுங்கியிருந்தார்.

"குளிக்கப் போயிருக்கா, சாயங்காலம் வந்துருவான்னு சொன்னேன்."

"வாசல்லயே உக்காந்திருந்தேனாம். எத்தனை நாளுப்பா?"

அவர் மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்தக் குளிர்காலம் முழுக்க. நானுந்தாம்மா கூட உக்காந்திருந்தேன்."

குழந்தை மிச்சமிருந்த பழத்தை அவர் மடியில் வைத்தது. அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். செனட்டருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. மறுத்தால் அந்த மனிதர் சும்மா விடமாட்டார். அதுவும் அவருக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் எழுந்துபோய், பல்லக்கைத் திருப்பச் சொன்னார்.

போகிற வழியில் மாப்பிள்ளையிடம் நின்றார்.

"அன்னைக்கு என் மாமனார்கிட்ட நானும் உங்கள மாதிரியேதான் நின்னேன், மாப்ள," என்றார். "ஒரு வார்த்தை, 'விடமாட்டேன்'னு சொல்லிருக்கலாம்."