பனியாறும் சுப்பனின் முள்ளும்

1
நான் பார்த்த பெரிய பனிக்கட்டி, செங்கம் ரோடு ஜூஸ் கடையில் சாக்கில் சுற்றி வைத்திருப்பதுதான். ஆனாலும் பனியாற்றைப் பற்றி எழுத ஆசை வந்துவிட்டது. ஒரு கட்டுரை செய்த வேலை. மலைச்சரிவில் உறைந்து, வருஷக்கணக்கில் அசையாததுபோல் கிடக்கும் பனியாறு திடீரென்று விரைந்து நகருமாம். உருகிய நீர் அடியில் போய்த் தேங்குகிறது. வெளியேற வழியில்லாவிட்டால் அழுத்தம் ஏறி, மேலே உள்ள அத்தனை பனியையும் அந்த நீர் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. அப்புறம் வழுக்கல்தான். நீருக்கு வழி திறந்தால் மறுபடி அடங்கிவிடும்.

படித்ததும் சுப்பன் ஞாபகம் வந்தது. (அவரை நான் இன்னும் உண்டாக்கியிருக்கவில்லை.)

2
தொடக்கம்: பௌர்ணமி நிலா அண்ணாமலையின் மேல்—

வேண்டாம், எல்லாரும் எழுதியாயிற்று.

சுப்பன் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் பூ பயிரிடுகிறவர். மகள் மணிமொழி பனியாற்றில் துளை போட்டு அடிநீரின் அழுத்தத்தை அளக்கிறவள்.

"எப்ப நகரும்னே தெரியாத பனி மேல நீ ஏம்மா போயி நிக்கணும்?"

"அது தெரிஞ்சிக்கத்தான்பா போறேன்."

போனாள். அன்று அவளிடம் மூடியதுதான் அவர் வாய். லீவில் வந்தவள் நாளை மறுபடி கிளம்புகிறாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை வாங்காமல் போகக் கூடாது என்றிருக்கிறாள்.

3
பௌர்ணமி சாயங்காலம். கிரிவலத்துக்கு அவர் முன்னால் கிளம்பிவிட்டார், இவள் பின்னால். பேச வைக்க இருவரையும் எதிரெதிரே கொண்டுவர வேண்டும். மணிமொழியைத் திருப்பி, எதிர்த்திசையில் நடத்தினேன். என் மனைவி ரேணுகாம்பாள்* படித்துவிட்டு, "மலைய இடக்கைப் பக்கம் வெச்சி எவளாவது சுத்துவாளா? கிழிச்சிப் போடுங்க" என்றாள்.

கிழித்தேன்.

* அவளும் அடி அண்ணாமலைக்காரிதான்.

4
ஆக, அப்பாவின் முதுகைப் பார்த்தபடியே நடக்கிறாள். இவள் வேகம் கூட்டினால் அவரும் கூட்டுகிறார். திரும்பிப் பார்க்காமலே எப்படித் தெரிகிறதோ! சொந்த ஊர் நெருங்கும்போது சுப்பன் சட்டென்று ரோட்டோரம் உட்கார்ந்து, வெறுங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

சத்தியமாக நான் உட்கார வைக்கவில்லை. காரணம் எழுதிப் பார்த்தேன்: அவர் மனைவி தனம் காலையில் அழுததை— இல்லை. நாளைக்கு இந்நேரம் அவள்— அதுவும் இல்லை. உள்ளே எவ்வளவு தேங்கியிருந்தது என்று அளக்க என்னிடம் கருவி கிடையாது.

மணிமொழி ஓடிவந்து குந்தினாள். "இன்னாப்பா?"

"முள்ளு."

அவர் பேசிவிட்டார்! செல்போன் வெளிச்சத்தில் பாதத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே காணோமேப்பா."

"நல்லா பாரு. இன்னா அவசரம்?"

5
'பத்திரமா போய்ட்டு வா' என்று ஒரு முடிவு. 'போகாதே' என்று ஒன்று. இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன். முள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

விடிந்தால் பஸ். அவளை எழுந்திருக்கச் சொல்வது உங்கள் பாடு. எனக்கு மனசு வரவில்லை.