ஈப் பெட்டிக்குச் சூடம்

“சூடத்த யார் ஏத்தினதுன்னு கேக்கறேன் சார். பேச்சை மாத்தாதீங்கோ!”

“நான்தான் ஏத்தினேன். வருஷா வருஷம் ஏத்திண்டுதான் இருக்கேன். ஒரு ஈயாவது செத்திருக்கா?”

“போன வருஷம் இந்த ரூம்ல ஈயா இருந்தது? பிரிண்டர்னா இருந்தது!”

அடையாறு ஆய்வுக்கூடத்தின் கதவுக்கு வெளியே துடைப்பத்தோடு நின்ற தேவானைக்கு எல்லாம் கேட்டது. உள்ளே கத்திக்கொண்டிருந்தவர்கள் இயக்குநர் சந்திரமௌலியும் ஆராய்ச்சியாளர் நீரஜாவும்.

எடையில்லாத இடத்தில் இதயம் ஏன் இளைக்கிறது என்று பார்க்க, மூன்று நாடுகள் சேர்ந்து பழ ஈக்களை விண்வெளிக்கு அனுப்புகின்றன. ராக்கெட் ஜப்பானுடையது, பெட்டி பிரான்சுடையது, ஈ நம்முடையது. ஈக்குச் சோறு போடுவது தேவானை.

நேற்று ஆயுத பூஜை. மௌலி அந்தப் பெட்டிக்கும் பொட்டு வைத்து, மூன்று சுற்றுச் சூடம் காட்டி, மிச்சக் கட்டிகளைக் காற்று போகும் ஓட்டை மேலேயே வைத்துவிட்டார். பூஜை போட்ட சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது என்று அறையையும் பூட்டினார். காலையில் திறந்தால் முந்நூறு ஈயும் மல்லாந்து கிடந்தன.

நாலு மணிக்குப் பெட்டி விமான நிலையம் போக வேண்டும். செத்த ஈக்களுக்கு ஜப்பான்காரர்கள் ஒரு படிவம் கேட்கிறார்கள். அதில் இரண்டே கட்டம்: இறப்புக்குக் காரணம், பொறுப்பானவர் பெயர்.

“தேவானை பேரைப் போட்டுடு. சூடத் தட்டை எடுத்துண்டு வந்தது அவதானே,” என்றார் மௌலி.

தேவானைக்கு இது ஒப்பந்த வேலை. பெயர் ஏறினால் நாளைக்கே வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். துடைப்பத்தோடேயே உள்ளே நுழைந்தாள்.

“இன்னா சார், தட்டு எத்தாந்தது நானு. சுத்துனது யாரு, எங்க நைனாவா?”

“பூஜையைக் குத்தம் சொல்லாதே.”

“இதையேதான் நேத்தும் சொன்னீங்க. சூடத்துக்குக் கொசுவே ஓடுது, ஈ இன்னா பண்ணும்னு கேட்டேன். வாய மூடுன்னீங்க. அதான் நீங்க மந்திரம் சொல்லிக்கினு இருக்கசொல்ல, மாத்துக்குன்னு தனி பாட்டில்ல வச்சிருந்த இன்னொரு முந்நூறு ஈயையும் ஸ்டோர் ரூமுக்கு எத்துகினு போயி பூட்டி வச்சேன். நல்லா துன்னுகினு கீதுங்க.”

நீரஜா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். “தேவானை, நீ நன்னா இருப்பே! கொண்டா அதை!”

“சாவி என்னாண்ட கீதும்மா. பேரு மாறுனாத்தான் ஈ வெளிய வரும்.”

மௌலி பேனாவைத் திறந்து தன் பெயரை எழுதினார். ஈக்களும் வந்து சேர்ந்தன.

காரணம் என்ற கட்டம்தான் இன்னும் காலி. ‘சூடம்’ என்றால் அது ஏன் அங்கே வந்தது என்று ஜப்பான் கேட்கும். ‘பூஜை’ என்றால் பெட்டிக்கு எதற்கு என்று பிரான்ஸ் கேட்கும். மணி மூன்றேகால். மூன்று பேரும் படிவத்தைப் பார்த்து முழிக்கிறார்கள்.

நீங்களாக இருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? கீழே பதில் போடுங்கள். பொய் வேண்டாம், தேவானையின் பெயரும் வேண்டாம்.