தம்பி வேஷம்

பன்னிரண்டாவது தடவையும் இல்லை என்றுதான் பதில் வந்தது. இந்தத் தடவை இல்லை என்று சொல்லக்கூட யாரும் மெனக்கெடவில்லை. இரண்டு மாசம் பொறுத்துப் பார்த்துவிட்டு நம்ம ஆளே போன் போட்டுக் கேட்டான். நடிகர் தேர்வு அலுவலகத்துப் பெண், "அந்தத் தம்பி வேஷமா சார்? அது அப்பவே முடிஞ்சுதே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்றாள். குரலில் அப்படி ஒரு தேன். "காரணம் ஏதாவது..." என்று இழுத்தான். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது சார். அடுத்ததுல பார்க்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

இந்தக் காரணம் என்கிற சங்கதி இருக்கிறதே, அது யாருக்குமே தெரியாது. உயரம் போதவில்லையா, மூக்கு சரியில்லையா, இல்லை நடிப்பே வரவில்லையா, ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சட்டை வாங்க வருகிறவர்கூட காலர் சரியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே போகிறார். மனுஷனை வேண்டாம் என்கிறவர்களுக்கு அந்த மரியாதைகூடத் தெரிவதில்லை.

நம்ம ஆளுக்கு வயது முப்பத்தொன்று. ஏழு வருஷமாக அக்கா வீட்டில், பின்பக்கத்து அறையில் இருக்கிறான். இந்த வேஷம் நிச்சயம் என்ற தைரியத்தில், சாப்பிடும்போது அத்தானிடம் அவனே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். "இதுவும் கிடைக்கலைன்னா, உங்க கடைக்கு வந்துடறேன் அத்தான். நடிப்பை அன்னிக்கே தலைமுழுகிடறேன்." அத்தானுக்குக் குழாய், ஷவர், வாஷ்பேசின் விற்கிற கடை. "வா மாப்ளே. வர்றவங்களுக்கு ஷவரைத் திறந்து காட்டி முகத்துல ஒரு சந்தோஷத்தைக் கொண்டு வரணும். அதுவும் நடிப்புதான்" என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், கிண்டலில் குத்தல் இருக்காது.

ஆக, வருகிற திங்கட்கிழமை கடை. அதற்குள் நம்ம ஆளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தனக்கு நடிப்பு வருமா, வராதா? வராது என்று யாராவது முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால், நிம்மதியாக ஷவரைத் திறந்து காட்டப் போய்விடலாம்.

அக்காவிடம் கேட்டுப் பயனில்லை. அவள் மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள். தம்பிக்கு வேஷம் கிடைக்கவில்லை என்றால் மட்டும் எங்கிருந்து தெம்பு வருமோ, ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிடுவாள். "அவனுங்களுக்குக் கண்ணு பொட்டையாடா? சிபாரிசு இருக்கறவனை எடுத்திருப்பானுங்க. நீ மனசை விடாதே." பன்னிரண்டு தடவையும் இதே அர்ச்சனைதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அதே அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அதே தேன் குரல். தம்பி வேஷத்தில் நடித்த புதுமுகம் வேற்று மொழிக்காரராம், வசனத்தை மனப்பாடம் பண்ணிப் பேசியிருக்கிறாராம், பேச்சு ஒட்டவில்லையாம். "உங்க குரல் நல்லா இருந்துச்சுன்னு டைரக்டர் சொன்னார். நாளைக்கு வந்து அவருக்கு டப்பிங் பேசித் தர முடியுமா சார்?"

அக்காவுக்கு வந்ததே கோபம். "முகம் வேண்டாமாம், குரல் மட்டும் வேணுமாமா? போகாதே. கொஞ்சமாவது ரோஷம் இருக்கட்டும்."

ரோஷம் இருக்கத்தான் செய்தது. ஆனால் வயிற்றெரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது. தன்னை ஓரங்கட்டிவிட்டு எந்த மகாராஜனைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். சத்தியமாக அதற்காகத்தான் போனான்.

டப்பிங் அறை ஒரு மாடியின் கோடியில் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். ஒரு மைக், வசனத்தாள் வைக்கிற ஸ்டாண்டு, எதிரே திரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், நம்ம ஆளைவிட ஐந்தாறு வயது இளையவள் இருப்பாள். டப்பிங் பொறுப்பு அவளுடையது. பிஸ்கட் தின்றுகொண்டே, "ஹெட்போன் மாட்டிக்கங்க சார். ஒரு தடவை பார்த்துடுவோம், அப்புறம் டேக் போயிடலாம்" என்றாள்.

திரையில் வந்தது அதே காட்சி. இவன் தேர்வில் நடித்துக் காட்டிய காட்சி. அண்ணன் தன் தம்பியை வீட்டை விட்டுப் போகச் சொல்கிறான். ஒன்றரை நிமிஷம் அண்ணன்தான் பேசுவான். கடைசியில் தம்பிக்கு ஒரே ஒரு வரி: "சரிண்ணே. காலைல போயிடறேன்." அந்த ஒரு வரியை நம்ம ஆள் எட்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று இருபத்து மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தான். அழுது சொன்னது, சிரித்துச் சொன்னது, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. தேர்வில் எடுத்துவிட்டது பதினேழாவது விதம். சொல்லி முடித்ததும் அவனுக்கே புல்லரித்தது.

புதுமுகத்தைப் பார்த்தான். அப்படி ஒன்றும் மகாராஜன் இல்லை. ஒடிசலான உடம்பு, காது கொஞ்சம் பெரிசு. நம்ம ஆளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. இவனையா?

முதல் டேக் போனது. அண்ணன் பேசுகிறான். ஹெட்போனில் கேட்டுக்கொண்டே நம்ம ஆள் மைக்கை நெருங்கினான். அண்ணன் முதல் வாக்கியத்தை முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டான். இரண்டாவதற்கு, "என்னண்ணே..." என்றான். நான்காவதற்குத் தொண்டை கட்டினாற்போல் ஒரு செருமல். வரி வந்ததும் பதினேழாவது விதத்தைத் தூக்கி வைத்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண் பொத்தானை அழுத்திப் பேசினாள். "சார், அந்த இடத்துல எல்லாம் அவர் வாய் மூடியிருக்கு."

"எந்த இடத்துல?"

"எல்லா இடத்துலயும். மூச்சு வேண்டாம், 'என்னண்ணே' வேண்டாம். கடைசி வரி மட்டும்தான் உங்களுது."

சரி என்றான். இரண்டாவது டேக்கில் 'என்னண்ணே' போய்விட்டது, பெருமூச்சு போகவில்லை. மூன்றாவதில் பெருமூச்சை அடக்கினான், செருமல் முந்திக்கொண்டது. எத்தனையோ பேருக்கு டப்பிங் பேசச் சொல்லிக்கொடுத்த அந்தப் பெண் நான்காவதில் பிஸ்கட் பொட்டலத்தையே மடித்து வைத்துவிட்டாள். "சார், நீங்க உங்க சீனைப் பண்ணறீங்க. அவர் சீனைப் பாருங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மூன்று மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும், அவள் கவலை அவளுக்கு.

"ஒரு தடவை மைக் இல்லாம பார்க்கட்டுமா?" என்று கேட்டான்.

"பாருங்க. நான் டீ சொல்லிட்டு வர்றேன்."

அறையில் அவன் மட்டும். காட்சி ஓடியது. இந்தத் தடவை அடுத்த வரியைப் பிடிக்கிற அவசரம் இல்லாததால், முதல் முறையாக அந்தப் பெரிய காதுக்காரனின் முகத்தை நிதானமாகப் பார்த்தான்.

அவன் ஒன்றுமே பண்ணவில்லை. அண்ணன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். ஆனால் அப்படி ஒரு கேட்பு. தொடக்கத்தில் அண்ணன் ஏதோ சாதாரண விஷயம் சொல்லப் போகிறான் என்று நினைத்து லேசாகச் சிரிக்கிறான். ஐந்தாவது வாக்கியத்தில் விஷயம் புரிகிறது. சிரிப்பு உடனே போகவில்லை, எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நிற்கிறது. அப்புறம் அண்ணனின் கஷ்டத்தைப் பார்த்து, தன் கஷ்டத்தை விட்டுவிட்டு, அவனுக்காக இரங்குகிறான். கடைசி வரியைச் சும்மா சொல்கிறான், அண்ணன் மேற்கொண்டு பேசிக் கஷ்டப்படக் கூடாதே என்பதற்காக.

நம்ம ஆள் காட்சியை மறுபடி ஓட விட்டான். மறுபடியும். தேர்வன்று அண்ணன் வசனத்தை எதிரே நின்ற உதவியாளர் ஒருவர் படித்தார். அவர் என்ன படித்தார் என்று இப்போது யோசித்துப் பார்த்தால் ஒரு வார்த்தை நினைவில் இல்லை. அவர் படித்த ஒன்றரை நிமிஷமும் இவன் மனசுக்குள் பதினேழாவது விதத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான், நடுநடுவே முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டு.

அட, இதுதானா என்று இருந்தது. வயிற்றெரிச்சல் போன இடம் தெரியவில்லை. வெட்கம் வந்தது, கூடவே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு நிம்மதியும் வந்தது. பன்னிரண்டு தடவை கேட்டும் கிடைக்காத பதில் எதிரே திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் டீயோடு வந்தாள். ஐந்தாவது டேக்கில் அவன் அண்ணன் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. வரியைச் சொன்னான். "ஓகே சார்" என்றாள் அவள். பாராட்டெல்லாம் இல்லை. அடுத்த காட்சிக்குப் போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. அத்தான் கடையில், அக்கா மகள் டியூஷனில். அக்கா மட்டும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கான் அந்த சிபாரிசுக்காரன்?" என்றாள்.

"என்னைவிட நல்லா நடிக்கறான் அக்கா."

"சும்மா இரு."

"நிஜமாத்தான். அவன் கேட்கறான். எனக்குக் கேட்க வரலை. பேச மட்டும்தான் வருது."

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "அப்ப நான் இத்தனை நாள் அவங்களைத் திட்டினதெல்லாம்?"

"பாவம், வாங்கிக்கட்டிக்கிட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம ஆளுக்குக் கை பரபரத்தது. எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அக்கா, ஒரு உதவி பண்ணேன். நீதான் அண்ணன். என்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லணும். வாயில வந்ததைச் சொல்லு. நான் சும்மா கேட்கறேன்."

"எனக்கு எங்கடா நடிக்க வரும்?"

"வேண்டாம், பேசினாப் போதும்."

அவள் ஒரு சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, குரலை ஆம்பிளை மாதிரி ஆக்கிக்கொண்டாள். "டேய், இனிமே இந்த வீட்ல உனக்கு இடமில்லை." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவன் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கும் வயசாகுதில்ல" என்றாள். குரல் அவளுடைய குரலாக இறங்கிவிட்டது. "எவ்வளவு நாளைக்குத்தான் இப்படியே... பாப்பா பத்தாவது வந்துட்டா. ஹால்ல உட்கார்ந்துதான் படிக்கறா. நீ உள்ள வசனம் பேசிப் பார்க்கும்போது, காதுல பஞ்சு வெச்சுக்கறா. மாமா ரூமைக் கேட்கட்டுமாடின்னா, வேண்டாம்மா, பாவம், மாமாங்கறா."

சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"உன் அத்தான் இந்த ஏழு வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. சொல்லியிருந்தார்னா நான் சண்டை போட்டிருப்பேன். உன்கிட்ட சொல்லணும்னு மூணு தடவை வந்தேன். உன் மூஞ்சியைப் பார்த்துட்டு, அவனுங்களைத் திட்டிட்டுப் போயிடுவேன்."

அந்த மூன்று தடவையும் நம்ம ஆளுக்கு நினைவிருந்தது. அக்கா அறை வாசலில் வந்து நின்று, "உன்கிட்ட ஒண்ணு பேசணும்" என்று ஆரம்பித்திருக்கிறாள். இவன் அவளை உட்காரவைத்து, தேர்வில் தான் என்ன பண்ணினான் என்று நடித்துக் காட்டியிருக்கிறான். அவள் பார்த்துவிட்டு, நல்லா இருக்குடா என்று சொல்லி, தேர்வு செய்தவர்களைத் திட்டிவிட்டு எழுந்து போயிருக்கிறாள்.

பதில் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது, அதை விழுங்கினான்.

அக்கா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "நடிக்கச் சொன்னியேன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்டா. மனசுல வெச்சுக்காதே" என்றாள்.

"திங்கட்கிழமை கடைக்கு வர்றேன்னு அத்தான்கிட்ட சொல்லிடு" என்றான் அவன். "ஆடிஷன் இருக்கற நாள்ல லீவு கேட்பேன். இந்த மாசத்துக்குள்ள பக்கத்துலயே ஒரு ரூம் பார்த்துக்கறேன்."

"நடிப்பை விடலையா?"

"விடலை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சட்டை மேல் கண்ணீர் விழுந்தது. சமாதானம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் துடித்தது, எப்படிச் சொல்வது என்றும் தெரியும், வகைக்கு ஒன்றாகக் கைவசம் இருக்கிறது. ஒன்றையும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னும் இருக்குடா" என்றாள்.

"சொல்லுக்கா" என்றான்.