மூலை வெட்டிய பாஸ்போர்ட்

2026ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் பதினான்காம் நாள், புதன்கிழமை, போகி. அன்று விடியற்காலை எல்லையோர ஊரான ஜூஜுவாடியில் கடுமையான மூடுபனி நிலவியது. எதிர்வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளியை நோக்கிச் செல்லும் லாரிகளின் இரைச்சல் கேட்டதே தவிர, அவற்றின் விளக்குகள் தென்படவில்லை.

ஐந்தரை மணிக்கு வாசலில் நெருப்பு மூட்டினேன். கிழிந்த பாய், பிய்ந்த முறம், என் மகன் ஹரீஷ்குமாரின் காலணிப் பெட்டிகள், செல்லரித்த நாட்காட்டிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக இட்டேன். எதிர்வீட்டுத் திம்மராயன் குரங்குக் குல்லாய் அணிந்து வந்து, கேட்காமலே கைகளை நீட்டிக் குளிர் காய்ந்தார்.

"இன்னா மாதேஸ்வரி, உங்க வூட்ல எரிக்கறதுக்கு இவ்ளோ இருக்குது! எங்க வூட்ல பழசுன்னு இருக்கறது நான் ஒருத்தன்தான். எப்போ தூக்கிப் போடுவாளோன்னு பயந்துதான் இங்க வந்து நிக்கறேன்."

"போட்டாலும் எரிய மாட்டீங்க அண்ணா. ஈர வெறகு."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்த நாளில் நான் சிரித்தது அத்துடன் முடிந்தது.

சிப்காட் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தரச் சோதனைப் பிரிவில், பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கணவர் கிருஷ்ணப்பன் மறைந்தபின் நாற்பத்து மூன்றாம் வயதில் எழுத்துக் கற்றேன். நாற்பத்தெட்டாம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றேன். தமிழைத் தடையின்றிப் படிப்பேன். ஆங்கிலத்தில் அச்சடித்த பெரிய எழுத்துகளைக் கூட்டிப் படிக்க வரும். கோழி கிளறியதுபோல் கையால் எழுதியிருந்தால் அது எனக்கு வெறும் கோடு. எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. பழுதென்று சிவப்பு அட்டை கட்டிய பொருள், நல்ல பொருள் இருக்கும் பெட்டியில் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. ஒருமுறை அப்படிப்பட்ட ஒரு துண்டு என் கவனக்குறைவால் நல்லவற்றோடு கலந்து வெளியே சென்றுவிட்டது. அதற்காக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். என் பெயருக்கு வந்த முதல் கடிதம் அதுவே. அதை நானே படித்தேன். அன்றிலிருந்து வீட்டிலும் அவ்விதியைக் கடைப்பிடிக்கிறேன். போகி என்பது எனக்குத் தொழிற்சாலையின் பழுது நீக்கும் நாள்.

என் மருமகள் கவிப்ரியா செவிலியர். அயர்லாந்து நாட்டு மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திருமணத்திற்கு முன்பே, ஆகஸ்டு மாதத்தில், அவளுடைய பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிக் கொடுத்தார்கள். அதில் அவள் பெயர் கவிப்ரியா முனீஸ்வரன். முனீஸ்வரன் அவளுடைய தந்தை. ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் தக்காளிப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் தொழிலாளி. செப்டம்பரில் திருமணம் முடிந்தவுடன், பாஸ்போர்ட்டில் கணவன் பெயர் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவள் நானே. "அப்பா பேரு இருந்தா இன்னா அத்தே, விசாவும் அந்தப் பேர்லதானே இருக்குது?" என்று அவள் இருமுறை கேட்டாள். "நாளைக்கு என் பையன் உன் பின்னால வரணும்னா, நீ அவன் பொண்டாட்டின்னு எங்கயாச்சும் எழுதியிருக்க வேணாவா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. நவம்பரில் கவிப்ரியா ஹரீஷ்குமார் என்ற பெயரில் புதிய பாஸ்போர்ட் வந்தது. பழையதைத் திருப்பித் தந்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது; விசாவும் புதியதற்கு மாறிவிட்டது என்றே எண்ணியிருந்தேன்.

அம்மாதம் பதினாறாம் தேதி, அதாவது போகி கழிந்த இரண்டாம் நாள், பெங்களூரிலிருந்து அவளுக்கு விமானம். முப்பதாம் தேதிக்குள் அந்நாட்டில் கால் வைக்காவிட்டால் விசா காலாவதியாகிவிடும்.

போகிக்கு முந்தைய இரவு அவளுக்கு இங்குள்ள மருத்துவமனையில் கடைசி இரவுப்பணி. மகன் இரண்டாம் ஷிப்டு முடித்து வந்து உறங்கிக்கொண்டிருந்தான். நெருப்பு தணியும் நேரத்தில், எரிக்க வேண்டியது வேறு ஏதும் உண்டா என்று கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என அலமாரியின் இழுப்பறையைத் திறந்தேன். புதிய பாஸ்போர்ட் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தது. அதே உறையில், அதனோடு ஒட்டியபடி, மற்றொன்றும் இருந்தது. அதன் மூலை கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. உள்ளே சிவப்பு மையில் பெரிய முத்திரை. விளக்கடியில் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். கேன்சல்டு. அதன் கீழே யாரோ ஓர் அதிகாரி பேனாவால் ஒரு வரி கிறுக்கியிருந்தார். அதைக் கையொப்பம் என்று எண்ணிக்கொண்டேன்.

பழுதானது நல்லதோடு ஒரே உறையில். விமான நிலையத்து அவசரத்தில் இவள் தவறானதை எடுத்து நீட்டிவிட்டால் என்ன ஆகும் என்று அஞ்சினேன். அதை எடுத்துச் சென்று நெருப்பின் ஓரத்தில் இட்டேன். அட்டை உடனே பற்றவில்லை. ஒரு குச்சியால் நடுவே தள்ளினேன். பிறகு கை கழுவிவிட்டு, வீட்டின் கூரையில் செருகுவதற்கு ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டினேன்.

எட்டு மணி ஐந்து நிமிடத்திற்குக் கவிப்ரியா வந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றாமலே பயணக் கோப்பை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். நான் காபி கொண்டு சென்றபோது உறை அவள் கையில் இருந்தது.

"அத்தே, இதுல இன்னொண்ணு இருந்துச்சே?"

"மூலை வெட்டினதா? அது கேன்சல் ஆனதும்மா. முத்திரை பார்த்தேன். மாத்தி எடுத்துட்டுப் போயிடப் போறியேன்னு காலையில போகியில போட்டுட்டேன்."

இதைச் சொல்லும்போது என் குரலில் பெருமிதம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் படித்துத் தெரிந்து செய்த வேலை அது.

அவள் கட்டிலில் அமர்ந்தாள். காபி டம்ளரை வாங்க நீண்ட கை நீண்டபடியே நின்றது. அவள் முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை, எதுவுமே இல்லை. நோயாளியின் உறவினரிடம் பேசுவதுபோன்ற மெல்லிய குரலில் சொன்னாள்.

"விசா அதுலதான் அத்தே இருக்குது. புதுசுல பேரு மட்டும்தான். ரெண்டையும் சேர்த்துக் காட்டணும். பாஸ்போர்ட் கேன்சல், விசா செல்லும்னு முத்திரைக்குக் கீழயே எழுதியிருந்தாங்களே."

அந்த ஒரு வரி. நான் கையொப்பம் என்று எண்ணிய வரி.

டம்ளர் எப்போது என் கையைவிட்டு நழுவியது என்று தெரியவில்லை. சத்தம் கேட்டு ஹரீஷ்குமார் போர்வையோடு எழுந்து வந்தான். அவனிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. அவனே உறையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"யம்மா... யம்மா, இன்னாம்மா பண்ணி வெச்சிருக்கற?"

வேலை வாங்கித் தந்த ஏஜெண்டுக்குப் போன் செய்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. "பொங்கல் லீவு. திங்கக்கெழமதான் தெறப்பாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். பிறகு, "போட்டோ இருக்குதுல்ல கவி? போன்ல இருக்குதுல்ல?" என்றான்.

"இருக்குது. போட்டோவக் காட்டுனா யாருங்க உள்ள வுடுவாங்க?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அத்தே, நான் போறது உங்களுக்குப் புடிக்கலன்னு எனக்குத் தெரியும். போன வாரம் திம்மராயன் பெரியப்பா வூட்டம்மாகிட்ட நீங்க பேசினது என் காதுல வுழுந்துச்சு. இவ போனா என் பையனும் போயிருவான், நான் இந்த நாலு செவுத்தோட பேசிக்கினு கெடக்கணும்னு சொன்னீங்க. எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே அத்தே."

"ஐயோ, சாமி சத்தியமா இல்லம்மா!" என்று கத்தினேன். அந்தச் சொற்களை நான் சொன்னது உண்மை. நான் அறியாமல் செய்தேன் என்பதும் உண்மை. ஆனால் குச்சியால் அதை நடுவே தள்ளிய கணத்தை நினைத்துப் பார்த்தேன். தீ பற்றியபோது என் நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது. ஒரு பழுதைத் தடுத்துவிட்டேன் என்னும் நிம்மதிதான் அது என்று இப்போது யாரிடம் மெய்ப்பிப்பது? எனக்கே நான் எப்படி மெய்ப்பிப்பது? ஐம்பத்தொரு வயதில், என் கை செய்த ஒன்றின் காரணம் எனக்கே தெரியாமல் போகும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

வாசலுக்கு ஓடினேன். சாம்பலில் கங்கு இன்னும் கனன்றது. துடைப்பக்கட்டையால் கிளறினேன்; போதவில்லை; கையை விட்டேன். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கருத்த அடையாகக் கிடந்தன. தொட்டதும் உதிர்ந்தன. விசா ஒட்டிய பக்கம் எதுவென்று பிரித்தறிய முடியவில்லை. அடியில் மட்டும், படம் இருந்த முதல் பக்கத்தின் பிளாஸ்டிக் சுருண்டு, ஆவாரங்காய்போல் முறுகிக் கிடந்தது. அதை முந்தானையில் வைத்து நிமிர்த்தினேன். முகம் இல்லை. ஓரத்தில் சில பெரிய எழுத்துகள் தப்பியிருந்தன. அவை பெரிய எழுத்துகள் என்பதால் என்னால் படிக்க முடிந்தது. முனீஸ் என்பதுவரை இருந்தது.

திம்மராயன் தம் வீட்டுப் படியில் எழுந்து நின்று, "ஏனாயித்து மாதேஸ்வரி? கை வெந்துடும், எடு!" என்று கத்தினார். அவர் கன்னடத்தில் தொடங்கினால் உண்மையாகவே பதறியிருக்கிறார் என்று பொருள்.

கவிப்ரியா வாசலுக்கு வந்து நின்றாள். என் முந்தானையில் இருந்ததைக் குனிந்து பார்த்தாள், தொடவில்லை.

"அப்பா கேட்டிருந்தாரு. அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் பழசக் குடுத்தனுப்பு, எம் பேரு போட்ட புத்தகம், வூட்ல வெச்சிக்கறேன்னு" என்றாள். தெருமுனையை எட்டிப் பார்த்து, "தலைப்பொங்கல் சீரோட ஆறு மணிக்கே கெளம்பிட்டாராம். இப்போ வந்துருவாரு. அவருக்கு யாரு சொல்றது அத்தே?" என்றாள்.

அவள் என்னை இன்னும் அத்தே என்றுதான் அழைத்தாள்.

"நான் சொல்றேன்" என்றேன்.

தெருமுனையில் ஒரு மூன்று சக்கர வண்டியின் ஆரன் ஒலித்தது. மூடுபனி இன்னும் விலகவில்லை. முதலில் கரும்புத் தோகைகள் மட்டும், தாமாக நடந்து வருவனபோல், வெண்மைக்குள்ளிருந்து அசைந்து வந்தன. பிறகு, அவற்றின் நடுவே, புது வேட்டி கட்டிக்கொண்டு, மடியில் பித்தளைப் பானையை அணைத்தபடி முனீஸ்வரன் தெரிந்தார். எங்களைக் கண்டதும் கையை உயர்த்தினார். நான் முந்தானையில் இருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். அது இன்னும் சுட்டது. அப்போது காலை மணி எட்டு நாற்பத்தேழு.