யாருமில்லாத ஆள்

இறந்து நான்கு வருடமான பெயிண்ட் கடைக்காரர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, கம்ப்யூட்டர் திரையில், ஒரு சினிமாக் காட்சியின் அறுபத்திரண்டாம் வெர்ஷனில் மூடுபனிக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்து, மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். மகள் சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்து கொடுக்கும் கம்பெனியில் மூன்றாவது மாடியில் வேலை பார்த்தாள். அவள் கையில் இருந்தது ஆறு விநாடிக் காட்சி: ஒரு தகப்பன் வீட்டை விட்டுப் பனிக்குள் நடந்து போகிறான், அவ்வளவுதான். முதல் வெர்ஷனைப் பார்த்த இயக்குநர், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆள் வரவில்லை என்று சொல்லி அனுப்பினார். ஆள் நட்டநடுவில்தான் நடந்துகொண்டிருந்தான். இயக்குநர் சொன்னதை எழுத்து மாறாமல் கொண்டுவந்து போட்டுவிட்டு, அர்த்தம் கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போகும் ஒருங்கிணைப்பாளருக்கு ஆபீசில் தபால்காரர் என்று பெயர். நடை கனமாக வேண்டும், பாரமாக இருக்கக் கூடாது என்று கொண்டுவந்தார். சட்டை பேசவில்லை என்று கொண்டுவந்தார். அவள் ஏழு நிறத்தில் சட்டையைப் பேசவைத்துப் பார்த்தாள். ஐந்து மாதம் போனது. கடைசியில் வேறு வழி தெரியாமல் அப்பாவின் நடையைக் கொடுத்தாள், கடையைப் பூட்டிவிட்டு, ஒரு தோள் இறங்க, தரையில் எதையோ தேடுகிறவர் போல வரும் நடை. அப்போதுதான் அவர் திரும்பினார். பக்கத்து சீட்டுக்காரி ஹெட்போனைக் கழற்றி யார் அது என்றாள். அப்பா என்றதும், சரி என்று மறுபடி மாட்டிக்கொண்டாள்.

வெள்ளைதான் வேண்டும், ஆனால் வெள்ளையாக இருக்கக் கூடாது என்று வந்து நிற்பவர்களுக்கு முப்பது வருடம் நிறம் கலந்து கொடுத்தவர் அவர். தபால்காரரின் குறிப்புகளைப் பனிக்குள் நின்றபடியே படித்துவிட்டுச் சிரிப்பார். "உங்க டைரக்டருக்குப் பனியில ஒரு குறையும் இல்லம்மா. படம் ஓடுமான்னு பயம். அதுக்கு எந்தக் கலர் அடிச்சாலும் பிடிக்காது," என்றார். ஒன்பது வாரம் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம் அவள் இதே நாற்காலியில் வேறொரு படத்துக்குக் குண்டுவெடிப்பு செய்துகொண்டிருந்தாள்; லீவு கிடைக்கவில்லை. அதை ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நன்றாக வெடித்ததா என்று மட்டும் கேட்டார். அம்மா விஷயம் தெரிந்து, ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்தாள். வெளிவராத படத்தை வெளியாட்கள் பார்க்கக் கூடாது, செத்தவரின் மனைவி என்றாலும் வெளியாள்தான் என்று விதி இருந்தது. கீழே காவலாளி அருகே அரை நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, இளைத்திருக்கிறாரா என்று மகளிடம் கேட்டுக்கொண்டு திரும்பிப் போனாள்.

தொண்ணூற்றோராம் வெர்ஷனுக்கு வந்த குறிப்பு இது: "எல்லாம் சரி. ஆனா இந்த ஆளைப் பார்த்தா இவருக்கு யாரோ இருக்காங்கன்னு தெரியுது. யாரும் இல்லாத ஆளா வேணும்." தபால்காரர் அன்று தோளைக் குலுக்கவில்லை. அவள் இரண்டு நாள் புரியாத மாதிரியே இருந்தாள். வெள்ளிக்கிழமை காட்சியை ஒப்படைக்க வேண்டும் என்று மேலாளர் வந்து நின்றார்.

"இந்தத் தடவைதான் மனுஷன் தெளிவா சொல்லியிருக்காரு. செஞ்சிடு," என்றார் அப்பா.

"எப்படிப்பா?"

"நான் திரும்பாமப் போறேன். நீ கூப்பிடாதே. கூப்பிட்டா திரும்பிடுவேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆறு விநாடி கூப்பிடாமல் இருந்தாள். ஒரு மணி நேரத்தில் ஒப்புதல் வந்தது. இப்போதுதான் ஆள் வந்திருக்கிறான் என்று இயக்குநர் பாராட்டியிருந்தார். இடத்தை அடைக்கின்றன என்று பழைய வெர்ஷன்கள் தொண்ணூற்றொன்றும் அன்றே அழிக்கப்பட்டன.

படம் வந்ததும் அம்மாவும் மகளும் முதல் வாரமே போனார்கள். இரண்டே முக்கால் மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தார்கள். அந்தக் காட்சி வரவில்லை. நீளம் கருதி வெட்டிவிட்டார்களாம். தபால்காரருக்கு ஒரு மாதம் முன்பே தெரியுமாம். மறுநாள் அவள் காட்சியைத் திறந்து, அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள். ஒப்புதலான காட்சி பூட்டப்பட்டிருந்தது, அதில் எதையும் மாற்ற முடியாது. அவர் திரும்பாமல் போய்க்கொண்டிருந்தார்.

அப்படியென்றால் இப்போது எங்கே இருக்கிறார் என்று அம்மா கேட்டாள். ஆபீஸ் கீழ்த்தளத்தில் சர்வர் அறையில், மெஷின்களுக்காக எந்நேரமும் ஏசி ஓடும் அறை என்றாள் மகள். திங்கட்கிழமை அம்மா ஒரு ஸ்வெட்டரைக் கொண்டுபோய்க் காவலாளியிடம் கொடுத்தாள். அவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, சர்வர் அறைக்குள் ஆணியில் மாட்டினார். இரண்டு மாதம் கழித்து அது காலர் அழுக்கேறி, முழங்கை நைந்து திரும்பி வந்தது. அம்மா துவைத்து, தைத்து, மறுபடி அனுப்பினாள். அதன் பிறகு கம்பெனி இரண்டு முறை கை மாறியது, காவலாளியும் மாறினார். புதிதாக வந்தவர் ஒரு முறை ஸ்வெட்டரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த தடவை கொஞ்சம் தடிமனா பாத்து வாங்குங்கம்மா, புதுசா நாலு மெஷின் வந்திருக்கு, குளிரைக் கூட்டியிருக்காங்க," என்றார்.