வெல்லம் கழுவாத தூசி

நீலசந்திரா என்ற பேட்டையின் சந்துகளுக்குள் வெளிச்சம் இறங்குவதற்கு முன்பே அரவை மிஷின் உறுமத் தொடங்கிவிடும். தகரக் கொட்டகைக்குள் பெண்கள் இரண்டு வரிசையாக நின்று கரி சலிப்பார்கள். அரைபட்டு விழும் மரக்கரியை முறத்தில் அள்ளிச் சல்லடையில் கொட்டி, இரண்டு கையாலும் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலிக்கும். சல்லடைக்குக் கீழே மைபோல் தூள் இறங்கும். மேலே புகைபோல் எழும். ஊதுவத்தி தேய்க்கும் வீடுகளில் அடுப்பு மூட்டுவதற்குள் அந்தத் தூள் அங்கே போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

கொட்டகைக்கு ஜன்னல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது கண்ணுகளா, நாலு பக்கமும் இருந்தது. முதலாளி முனிராஜ் அவற்றில் கோணிப்பை வைத்து ஆணி அடித்துவிட்டார். காற்று வந்தால் தூள் பறக்குமாம். பறப்பது அவருடைய சரக்காம். அந்தப் பெண்களின் மூக்கிலும் நெஞ்சிலும் போய் இறங்கிய சரக்கை மட்டும் அவர் நஷ்டத்தில் எழுதவில்லை.

அதற்கு ஈடாக வெல்லம் கொடுத்தார். வேலை முடிந்து முகம் கழுவும்போது ஆளுக்கு ஒரு துண்டு. வெல்லம் தின்றால் நெஞ்சில் படிந்த தூசி கரைந்து இறங்கிவிடும் என்பது அவர் அப்பா காலத்து நம்பிக்கை. பெண்களும் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? வேறு எதுவும் அங்கே கொடுக்கப்படவில்லை.

ரத்தினம்மாள் எல்லோரையும்விட அதிகமாக நம்பினாள். அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து சில வருஷமாகிறது. சர்க்கார் ஆஸ்பத்திரி மாத்திரை, சர்க்கரை போடாத டீ, ராத்திரிக்குச் சப்பாத்தி என்று பத்தியமாகத்தான் இருந்தாள். பண்டிகைக்குக்கூடப் பாயசத்தைத் தொடமாட்டாள். ஆனால் கொட்டகை வெல்லம் அவளுக்கு மருந்துக் கணக்கு. சாப்பாட்டுக் கணக்கில் வராது. சீனிதானே கெடுதல், வெல்லம் நல்லதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பக்கத்துச் சல்லடையில் நிற்பவள் பெர்னதெத். வாய் கத்தி, மனசு வெண்ணெய். தன் பங்கு வெல்லத்தையும் இவள் கையில் திணிப்பாள்.

"இந்தா, இதையும் தின்னு. உனக்குத்தான் இருமல் ஜாஸ்தி."

"உனக்கு வேணாமா?"

"எனக்கு நெஞ்சு கல்லு. வேணும்னா எங்க வீட்டுக்காரரைக் கேளு."

இப்படி மழைக்காலம் முழுக்க இரண்டு துண்டு. இருமல் நிற்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். தாகம் தீரவில்லை. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. ஒருநாள் சளியில் சிவப்பாகப் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டி.பி. என்றார்கள். சர்க்கரையோ கட்டுக்கு அடங்காமல் ஏறிக் கிடந்தது. சின்ன வயசு டாக்டரம்மா, பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னாள். பலபேர் நெஞ்சில் இந்தக் கிருமி தூங்கிக்கொண்டே கிடக்கும். சர்க்கரை ஏறிய உடம்பில் எதிர்த்து நிற்கும் பலம் குறைவதால் அது விழித்துக்கொள்ளும். சர்க்கரை நுரையீரலையும் மெல்ல மெல்லத் தளர்த்திவிடும். காய்ச்சல் சர்க்கரையை ஏற்றும், சர்க்கரை நோயை வளர்க்கும். இதற்கு மேல் தூசியும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

தூசி போக வெல்லம் தின்கிறேனே என்று ரத்தினம்மாள் பெருமையாகவே சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

"வெல்லம் வயித்துக்குப் போகும்மா. தூசி நெஞ்சுக்குப் போகுது. ரெண்டும் வேற வேற வழி. வெல்லம் ஒண்ணையும் கழுவாது, உங்க சர்க்கரையைத்தான் ஏத்தும்."

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து, அவர்கள் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வேண்டும். முதல் சில வாரம் வீட்டிலேயே, காற்றோட்டமாக இருக்க வேண்டும். அதற்கப்புறம் நோய் அவ்வளவாகப் பிறருக்குத் தொற்றாது. மருந்தை நடுவில் விட்டால்தான் ஆபத்து. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் விடிவதற்குள் கொட்டகையில் நின்றாள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. மீதிப் பாதி மகள் ஷில்பா. அவளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். டி.பி. வீடு என்று ஒரு சொல் சந்தில் விழுந்தால் போதும். அதனால் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, கடைசிச் சல்லடைக்கு மாறி, யாரோடும் பேசாமல் நின்றாள். மூடிய கொட்டகையில் தன் மூச்சு யார் மேல் போய் விழுகிறதோ என்ற எண்ணம் சல்லடையைவிடக் கனத்தது.

சாயங்காலம் பெர்னதெத் வழக்கம்போல வெல்லத்தை நீட்டினாள். ரத்தினம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பெர்னதெத்தின் முகம் சுண்டிப்போயிற்று. இடம் மாறி நிற்கிறாய், முகம் கொடுத்துப் பேசவில்லை, இப்போது என் கை பட்டதுகூட ஆகவில்லையா, நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்டாள். அதற்கு மேல் மறைக்க ரத்தினம்மாளால் முடியவில்லை. தள்ளியே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வெல்லத்தைப் பற்றியும் சொன்னாள்.

பெர்னதெத் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினம் நானே ஊட்டி விட்டேனே ரத்தினா."

"நீ ஆசையா குடுத்தே. எனக்குத் தெரியல, உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

தொட்டியடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த மற்றப் பெண்களுக்கும் காதில் விழுந்துவிட்டது. ஒருத்தி தன் தம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தாள். இன்னொருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். ரத்தினம்மாளுக்குத் தலை குனிந்தது. அப்போது சந்திரம்மா, கூட்டத்தில் அதிகம் பேசாதவள், எனக்கும் சர்க்கரை இருக்கிறது என்றாள். நானும்தான் என்றாள் இன்னொருத்தி. எனக்கு ஒரு மாசமாக இருமல், பயந்துகொண்டு பார்க்கவில்லை என்றாள் தம்ளரைத் தள்ளி வைத்தவள். பிறகு எல்லோருமாக முனிராஜின் ஆபீஸ் அறைக்கு நடந்தார்கள்.

ஜன்னல் கோணிகளைப் பிரிக்க வேண்டும்; தூசியை வெளியே இழுக்கும் ஃபேனும் மூக்குக்கு நல்ல கவசமும் வேண்டும்; எல்லோருக்கும் நெஞ்சும் சர்க்கரையும் பரிசோதிக்க வேண்டும்; ரத்தினம்மாள் குணமாகி வரும்வரை அவள் வேலை அவளுக்கே இருக்க வேண்டும். பெர்னதெத் ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை முனிராஜ் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"நோடம்மா, இங்க பாரு, சுகர் உங்க உடம்புல வந்தது. டி.பி. உங்க சந்துல வந்தது. நடுவுல என் கரி என்ன பண்ணிச்சு? கரியில பல்லு வெளக்குனவங்கதானே நீங்கல்லாம்?"

"பல்லு வெளக்கித் துப்பிட்டோம் சார். இதைத் துப்ப முடியல," என்றாள் பெர்னதெத்.

"ஃபேன் வச்சா என் சரக்கு தெருவுக்குப் போயிடும்."

"இப்ப எங்க போகுது சார்?"

முனிராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நோய்க்காரி நாளையிலிருந்து வர வேண்டாம், மற்றவர்கள் ஒழுங்காக வந்தால் வேலை, இல்லையென்றால் ஹெப்பகோடியிலிருந்து டெம்போவில் ஆள் இறக்குவேன் என்றார். அவர் சொன்னால் செய்கிறவர்தான்.

மறுநாள் விடியலில் மிஷின் உறுமவில்லை. பெண்கள் கேட்டுக்கு வெளியே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ரத்தினம்மாளை வர வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, எதிர்ச்சுவரோரம் தனியாக உட்கார்ந்தாள். பெர்னதெத் நடுவில் வந்து, குரல் எட்டும் தூரத்தில் தன் சாக்கைப் போட்டுக்கொண்டாள். கோபத்தோடும் சிலர் வந்தார்கள். தூள் கிடைக்காத ஊதுவத்தி வீட்டுப் பெண்கள் அவர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது என்று கேட்டார்கள். எங்கள் கொட்டகையில் எழும் தூசிதான் உங்கள் வீட்டிலும் எழுகிறது அக்கா என்று மட்டும் சந்திரம்மா சொன்னாள்.

வெயில் ஏறியபோது டெம்போ வந்தது. பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே பெண்கள் நெருக்கி நின்றார்கள். முனிராஜ் ஓடிவந்து கேட்டைத் திறந்து, இறங்குங்கள் இறங்குங்கள் என்று அவசரப்படுத்தினார். முன்னால் நின்றவள் கீழே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துத் தயங்கினாள்.

"இன்னாக்கா இது? உள்ள இன்னா வேலை?"

பெர்னதெத் வாயைத் திறந்தாள். அதற்குள் எதிர்ச்சுவரோரம் ரத்தினம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். சந்தில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஷில்பாவுக்கு வரன் கொண்டுவந்த தரகரின் மனைவியும் பால் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ரத்தினம்மாள் அவளையும் பார்த்தாள்.

"எனக்கு டி.பி. இருக்கு. சுகரும் இருக்கு," என்றாள். இருமல் குறுக்கே வந்தது. திரும்பிச் சுவரைப் பார்த்து இருமி முடித்துவிட்டு மறுபடி நிமிர்ந்தாள். "மருந்து சாப்பிடறேன், சரியாயிடும்னு சொல்லியிருக்காங்க. உள்ள கரி சலிக்கணும், ஜன்னலெல்லாம் அடைச்சிருக்கு. உங்கள்ல யாருக்காச்சும் சுகர் இருந்தா, இருமல் இருந்தா, ஒருதரம் யோசிச்சுட்டு இறங்கும்மா. நான் யாரையும் தடுக்கல."

"அது பைத்தியம், பேசிட்டுப் போகுது. நீங்க வாங்க," என்றார் முனிராஜ்.

யாரும் அசையவில்லை. டிரைவர் என்ன நினைத்தானோ, இன்ஜினை நிறுத்தினான். டெம்போவுக்குள் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. ஒருத்தி போகலாம் என்றாள், ஒருத்தி கூலியில்லாமல் எப்படித் திரும்புவது என்றாள். பின் வரிசையிலிருந்து ஒரு நடுத்தர வயதுக்காரி மற்றவர்களை விலக்கிக்கொண்டு வந்து, பலகையைப் பிடித்துக் கீழே இறங்கினாள். முனிராஜ் கேட்டை இன்னும் அகலமாகத் திறந்தார்.

அவள் கேட்டுப் பக்கம் போகவில்லை. சாக்குகளுக்கு நடுவே வந்து நின்று, இந்த டி.பி., சுகர் பரிசோதனையெல்லாம் எந்த ஆஸ்பத்திரியில் பண்ணுகிறார்கள், எனக்கும் ரொம்ப நாளாக இருமல் என்று தணிந்த குரலில் கேட்டாள். பெர்னதெத் நகர்ந்து, தன் சாக்கில் அவளுக்கு இடம் விட்டாள்.